பி650 மதர்போர்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு

கேமில் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பதைக் கூட்டுவது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும்தான், எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டு இல்லை. விளக்குகள் மின்னுகிற போர்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்பதில்லை, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கியது பி650 சிப்செட் (போர்டின் இணைப்புகளைக் கவனிக்கிற சிப்) உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டு, ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசசருக்காக. இதில் பிராசசர் உட்காரும் இடம் 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட். ரைசன் 7000, 8000, 9000 மூன்று வரிசைகளும் இதில் உட்காரும் என்பதால் பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையில் ரொம்ப நாள் கிடந்த போர்டாக இருந்தால் 9000 வரிசைக்கு முதலில் பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கிற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். இதில் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறது, பிராசசரே இல்லாமல் பென் டிரைவை வைத்து முடித்துவிடலாம். அந்தப் பட்டன் இல்லாத போர்டை நான் வாங்கவே மாட்டேன்.

முதல் முறை ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே நின்றது. ஃபேன்கள் சுற்றுகின்றன, ராம் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது, பிளக்கைப் பிடுங்கக் கையே போய்விட்டது. டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராமை போர்டு பழக்கிக்கொள்ள முதல் தடவை சில நிமிடங்கள் எடுக்கும், அவ்வளவுதான், பொறுமையாக இருங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யுங்கள். என் 6000 ராம் அதுவரை 4800-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது! இரண்டு ராம் போடுவதென்றால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்.

பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க் இருக்கிறது. 65 வாட் 7600-க்கு இது தாராளம், மணிக்கணக்கில் விளையாடியும் வேகம் குறையவில்லை. ஆனால் 7950எக்ஸ் மாதிரி 170 வாட் பிராசசர் போடுகிறவர்கள் இதைவிட வலுவான விஆர்எம் உள்ள போர்டாகப் பாருங்கள்.

குறை என்றால் எஸ்எஸ்டி செருகுகிற இரண்டாவது எம்.2 ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டதுதான். புது எஸ்எஸ்டி போடக் கார்டைக் கழற்ற வேண்டியதாயிற்று, கார்டின் லாட்ச் எட்டவே இல்லை, விரல் போகாத அந்த இடுக்கில் பென்சிலை விட்டு அழுத்தித்தான் எடுத்தேன். வாங்கும் முன் போர்டின் படத்தைப் பெரிதாக்கி ஸ்லாட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

இன்டெல் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் பெரும்பாலும் பழைய டிடிஆர்4 ராமுக்குத் தனி, டிடிஆர்5-க்குத் தனி. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையவே நுழையாது, பெயரை முழுதாகப் படித்து வாங்குங்கள்.

ஏஎம்5 சாக்கெட்டில் 1718 மெல்லிய பின்கள் போர்டிலேயே இருக்கின்றன, விரல் பட்டாலே வளைந்துவிடும். அதன் மேல் வருகிற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும்.