பழைய சங்கமா, பிரிந்து வந்த புதுச் சங்கமா? நான் ஏன் நகரவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பசியாறப் போனால்கூட இதே கேள்விதான்: "அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?" பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன், எங்கள் தொழிற்சங்கத்திலிருந்து ஒரு பகுதியினர் பிரிந்து புதுச் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள், எங்கள் வார்டில் பாதிப் பேர் அதற்குப் போய்விட்டார்கள். நாலு மாதம் யோசித்துவிட்டு நான் பழையதிலேயே இருக்கிறேன். காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

சந்தா புதியதில் குறைவு. பொறுப்பில் இருப்பவர்கள் நம்மோடு ஷிப்ட் பார்ப்பவர்கள், ராத்திரி கூப்பிட்டாலும் போனை எடுக்கிறார்கள். பழைய சங்கத்தில் ஈப்போ அலுவலகத்துக்குப் போன் அடித்தால் மூன்றாவது நாள் பதில் வரும், சில சமயம் அதுவும் வராது. பிரிந்து போனவர்களின் கோபம் நியாயமானது. பதிவு விஷயத்திலும் புதியவர்களுக்குக் குறை இல்லை. இந்தத் தொழிலுக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கிறது என்று சொல்லியே முன்பு பதிவை மறுக்க முடிந்தது, 2024இல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது.

ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம், அதாவது இந்தச் சங்கத்தோடு பேசுகிறேன் என்று முதலாளி ஒத்துக்கொள்வது, வேறு. என்னை நிறுத்தியது இதுதான். என் தம்பி செம்பனை ஆலையில் இருக்கிறான். அங்கே ஒரு சங்கம் அங்கீகாரம் கேட்டுக் கடிதம் கொடுத்தால் முதலாளி 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும், மறுத்தால் ரகசிய வாக்கெடுப்பு வரைக்கும் போகலாம். இரண்டு சங்கம் இருந்து, யார் பேரம் பேசுவது என்பதில் ஒத்துவராவிட்டால் அதற்கும் 2024 செப்டம்பர் 15 முதல் வாக்கெடுப்பு வழி இருக்கிறது. நமக்கு அந்தக் கதவு கிடையாது. 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அரசாங்க ஊழியர்களை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வைத்திருக்கிறது. நமக்கு இருப்பது எம்பிஜே, அதாவது நிர்வாகமும் ஊழியர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசும் துறைக் கூட்டு மன்றம். அந்த மேசையில் நாற்காலி இருந்தால்தான் நம் பேச்சு கோப்பில் ஏறும். எங்கள் மருத்துவமனையில் அந்த நாற்காலி பழைய சங்கத்துக்கு இருக்கிறது, புதியதற்கு இல்லை.

இரண்டு காகிதங்களை நான் கண்ணால் பார்த்தேன். ஒன்று, இரவுப் பணி அட்டவணை பற்றிப் புதுச் சங்கம் கொடுத்த கடிதத்தின் நகல். மேலே 'தெரிமா' (பெறப்பட்டது) என்ற நீல முத்திரை, தேதி, ஒரு சின்னக் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இன்னொன்று, பழைய சங்கத்தின் பிரதிநிதி உட்கார்ந்திருந்த கூட்டத்தின் குறிப்பு. ஓய்வறையில் மின்விசிறி ஓடவில்லை என்ற அற்ப விஷயம்தான், ஆனால் வலது ஓரம் 'தின்டாக்கான்' (நடவடிக்கை) கட்டத்தில் எந்தப் பிரிவு பொறுப்பு என்று எழுதியிருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பிரிவைக் கேட்டார்கள். ஆறு வாரத்தில் மின்விசிறி ஓடியது. எழுதியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் கட்டத்தில் ஏறாத கோரிக்கைக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை.

என் அப்பா பால்மரம் சீவியவர். பல சங்கங்கள் ஒன்று சேர்ந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான கதையை அடிக்கடி சொல்வார். சேர்ந்ததால்தான் துரை உட்காரச் சொன்னான் என்பார். எனக்கு அது மனசில் இருக்கிறது, மறைக்கவில்லை.

என் அனுபவம் ஒரு சின்ன மருத்துவமனையோடு நிற்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் மொத்தமாக மாறிய பெரிய இடத்தில் நிர்வாகம் புதியவர்களைக் கூப்பிட்டுப் பேசக்கூடும், அங்கே கணக்கு மாறலாம். இங்கேயும் அவர்களுக்கு நாற்காலி கிடைத்தால் மறுபடி யோசிப்பேன்.

அதுவரைக்கும் சும்மா இருக்க மனமில்லை. புதுச் சங்கத்துத் தம்பியிடம் அந்த அட்டவணைக் கடிதத்தை வாங்கி, நம் கிளைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். அடுத்த எம்பிஜே நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவதாக இருக்கிறது.