மோட்டார்ஹோமில் ரேடியோ ஆன்டெனா: சில மழைக்காலங்கள் தாண்டிய பிறகு

மோட்டார்ஹோமில் (வீடு போலத் தங்கிப் பயணிக்கும் வண்டி) ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக ஒருவரோடு ஒருவர் பேசும் ரேடியோவுக்கு, ஆன்டெனா வாங்கும் முன் எல்லோரும் பிராண்டைத்தான் விசாரிக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டியின் கூரையைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் கூரை ஃபைபர்கிளாஸ், அல்லது பிளைவுட் மேல் ரப்பர் ஷீட். காந்த அடி ஆன்டெனா அதில் ஒட்டவே ஒட்டாது. ஒட்டாதது சின்ன விஷயம்தான், காரில் ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்வது அந்த இரும்புக் கூரை, அதாவது கிரவுண்ட் பிளேன், அது இங்கே இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல்.

அதனால் 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நான் போட்டது அரை அலைநீள ஆன்டெனா. சுமார் ஒரு மீட்டர் உயரம், அடியில் மேட்சிங் காயில் (ஆன்டெனாவைக் கேபிளுக்குப் பொருத்தமாக்கும் கம்பிச்சுருள்) உள்ளே இருப்பதால் கிரவுண்ட் பிளேனை அவ்வளவாக எதிர்பார்க்காது. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) மாட்டிய அன்று 1.5-க்குள் இருந்தது, இப்போதும் அப்படியே. கால் அலைநீளம்தான் வேண்டும் என்றால் அரை மீட்டர் கம்பி போதும், ஆனால் கூரைக்கு அடியில் அலுமினியத் தகடு பதிக்கும் வேலை வந்து சேரும்.

கூரையில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. பின் ஏணியின் மேல் படியில் கிளாம்ப் போட்டு மாட்டினேன், ஆன்டெனா முழுதும் கூரை மட்டத்துக்கு மேலே நிற்கும்படி. கேபிள் ஃப்ரிட்ஜின் கூரை வென்ட் வழியாக உள்ளே போகிறது, நுழையும் முன் கொஞ்சம் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டருக்குத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் வெயில் தாங்க வினைல் டேப். கேபிள் முனையில் இருக்கும் இந்த பிஎல்-259 வகைக் கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது, உள்ளே போன ஈரம் பின்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேபிள் நெடுக ஏறும். கடலோரம் அதிகம் ஓட்டியதில் ஸ்டீல் கிளாம்பும் அலுமினிய ஏணியும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தது, சுரண்டி எடுத்துவிட்டு நடுவில் ரப்பர் பட்டை வைத்தேன். நட்டுகள் நைலான் லாக் நட்டாகவே இருக்கட்டும், சாதா நட்டு ஆட்டத்தில் கழன்றுவிடும்.

நல்ல வெயிலில் ரேடியோவில் ஒரே இரைச்சல், பொழுது சாய்ந்தால் தானாக அடங்கிவிடும். வேறு யார், சோலார் பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர்தான்! பேனல் வயரிலும் பேட்டரி வயரிலும் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) போட்டு, வயரைச் சில சுற்று அதற்குள் சுற்றியதும் பெருமளவு குறைந்தது. எல்இடி விளக்கு ஒன்றும் கொஞ்சம் கத்துகிறது, பேசும்போது அணைத்துவிடுகிறேன்.

ஸ்பிரிங் அடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேகமாக ஓட்டினால் ஆன்டெனா சாய்ந்து ஆடி, சிக்னலும் கூடவே ஆடும். மடக்கும் கீல் இருந்தால் போதும், தாழ்ந்த கிளைகளுக்கும் பாலங்களுக்கும் முன்னால் இறங்கி மடக்கிக்கொள்ளலாம்.

இனி மாற்ற இருப்பது கேபிள் மட்டும். இப்போது இருக்கும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல் விழுங்கும், அதாவது 50 வாட் விட்டால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 31. ஏணி பின்னால், ரேடியோ டிரைவர் சீட் பக்கம் என்றால் அந்த நீளம் சுலபமாக வந்துவிடும், அதற்குத் தடித்த கேபிள்தான் சரி.