விஷ் மந்திரத்தின் விலையை யார் கட்டுவது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், கேட்டதை நிறைவேற்றும் விஷ் மந்திரம் தெரிந்த ஆட்டக்காரரைப் பார்த்து, ஆட்டத்தை நடத்தும் டி.எம். கொஞ்சம் பயப்படத்தான் செய்வார். மற்ற மந்திரங்களுக்கு இத்தனை அடி தூரம், இத்தனை பகடை சேதம் என்று கணக்கு உண்டு. இதில் வாயால் சொன்னால் நடக்கும். அரை நூற்றாண்டாக ஒவ்வொரு பதிப்பும் இதற்கு ஒரு கடிவாளம் போட்டுப் பார்த்திருக்கிறது. எந்தக் கடிவாளம் நிற்கிறது, எது நழுவுகிறது என்று தெரிய, எல்லாவற்றிடமும் ஒரே கோரிக்கையை வைத்துப் பார்க்கலாம்.

கோரிக்கை இதுதான்: குழுவின் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி), உடலையே பொடியாக்கும் டிஸின்டெக்ரேட் மந்திரம் பட்டுச் சாம்பலாகிவிட்டாள். சாம்பலும் காற்றோடு போய்விட்டது, புதைக்கக்கூட உடல் இல்லை. மந்திரவாதி விஷ் போட்டு அவளை மீட்க வேண்டும்.

முதல் வழி, சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு டி.எம். விளையாடுவது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கே இதற்கு அனுமதி கொடுக்கிறது. ஒருவன் சாக வேண்டும் என்று விஷ் போட்டால், அவன் செத்துப்போன ஓர் எதிர்காலத்துக்கு மந்திரவாதியை அனுப்பிவிடலாம், ஆட்டத்திலிருந்தே ஆள் காலி. 2014 புத்தகத்திலும் கிட்டத்தட்ட இதே உதாரணம் இருக்கிறது. நம் கோரிக்கைக்கு இதைப் போட்டால், "அவள் திரும்பி வர வேண்டும்" என்பார் ஆட்டக்காரர்; ராத்திரியில் வாம்பயராக வந்து கதவைத் தட்டுவாள் கிளெரிக்.

ஒரு தடவை இது ரசிக்கும்படி இருக்கும். அடுத்த விஷ் வரும்போது ஆட்டக்காரர் ஒரு பக்க ஒப்பந்தத்தோடு வந்து உட்காருவார். உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது, பகலிலும் கூடாது இரவிலும் கூடாது என்று இரணியன் வரம் கேட்ட மாதிரி. அவன் அத்தனை ஓட்டையை அடைத்தும் தூணிலிருந்து ஒன்று வந்தது. டி.எம்.முக்கும் எப்போதும் ஒரு தூண் கிடைக்கும் என்பதால் இது போட்டியே இல்லை. ஆசையை நிறைவேற்றுவது வன்மம் பிடித்த எஃப்ரீத்தி என்ற தீப் பூதமாக இருந்தால் இந்தச் சொல்விளையாட்டுக்குக் கதையில் காரணம் உண்டு. பதினேழு லெவல் (பாத்திரத்தின் வளர்ச்சிப் படி) உழைத்து மந்திரவாதி தானே கற்ற மந்திரத்தை இப்படிக் கவிழ்த்தால், மேசையில் இருக்கும் நம்பிக்கைதான் போகும்.

இரண்டாவது, வயது. முதல் அட்வான்ஸ்டு பதிப்பில் ஒரு விஷ்ஷுக்கு மந்திரவாதிக்கு 3 வயது கூடும். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 5. முதல் பதிப்பில் உடல் தளர்ச்சியும் உண்டு, 2 முதல் 8 நாள் படுக்கை. ஆனால் செத்தவரை எழுப்பினால் அந்தத் தளர்ச்சி வராது என்று விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள். ஆக மந்திரவாதியின் மூன்று வயது என்ற விலைக்கு நம் கிளெரிக் திரும்பி வந்துவிடுவாள், ரொம்ப மலிவு. மனிதனுக்கு அது கொஞ்சமாவது உறைக்கும். பல நூறு வருஷம் வாழும் எல்ஃப் இனத்தவருக்கு மூன்று வயது எந்த மூலைக்கு? இதில் ஒரு வேடிக்கை: அந்தக் காலத்து எல்ஃப் மந்திரவாதிக்கு லெவல் உச்சவரம்பு இருந்தது, முதல் பதிப்பில் 11, இரண்டாவதில் 15. விஷ் போட 18 வேண்டும். எனவே இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பும் 2003இல் வந்த அதன் திருத்தமான 3.5உம், லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளியில் ஒரு விஷ்ஷுக்கு 5,000 கேட்டன. அனுபவத்தைச் செலவழித்து லெவல் இறங்க அனுமதி இல்லை. 17ஆம் லெவல் 136,000 புள்ளியில் தொடங்குகிறது. இப்போதுதான் அந்த லெவலைத் தொட்ட மந்திரவாதிக்கு விஷ் தெரியும், போடத்தான் முடியாது. 141,000 வரை காத்திருக்க வேண்டும். நம் கிளெரிக்குக்கு இன்னும் கஷ்டம். உடல் அழிந்திருந்தால் ஒரு விஷ் உடலை உண்டாக்க, இன்னொன்று உயிர் கொடுக்க என்று 3.5 தெளிவாகவே சொல்கிறது. மொத்தம் 10,000 புள்ளி. அப்புறமும் கிளெரிக்குக்கு ஒரு லெவல் போகும், அதை விஷ்ஷாலும் தடுக்க முடியாது. இதில் டி.எம்.மின் தந்திரம் ஒன்றும் இல்லை. விலை முன்கூட்டியே தெரியும், கேட்பவரே கட்டுகிறார், அடுத்த வாரம் மற்றவர்கள் 18ஆம் லெவலுக்குப் போகும்போது அவருக்கு அது வலிக்கும். தோழிக்காக இவ்வளவு விட்டுக்கொடுப்பாரா என்பதே நல்ல நாடகம்.

இவ்வளவு சுத்தமான கணக்கு ஏன் உடைந்தது? வேறொருவர் கட்டக்கூடிய வழி இருந்ததால். எஃப்ரீத்தி நாளுக்கு ஒரு முறை மூன்று விஷ் வரை கொடுக்கும். அது அதன் பிறவிச் சக்தி என்பதால் அனுபவப் புள்ளிச் செலவே கிடையாது. கேண்டில் ஆஃப் இன்வொகேஷன் என்று ஒரு மெழுகுவர்த்தி, விலை 8,400 பொற்காசு. அதைக் கொளுத்தினால் வேறுலகத்துக்கு வாசல் திறக்கும் கேட் மந்திரம் கிடைக்கும், எஃப்ரீத்தியை இழுத்து வரலாம். மூன்று விஷ்ஷில் ஒன்றைச் செலவழித்து இன்னொரு மெழுகுவர்த்தி கேட்டால் போதும். 3.5 விஷ் மந்திரப் பொருள் உண்டாக்கும், அதற்கு உச்ச விலை எழுதப்படவில்லை. அப்புறம் ஆட்டம் எங்கே?

3.5 விதிகளிலிருந்து பிறந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம் 2009இல் அனுபவப் புள்ளியை எடுத்துவிட்டு 25,000 பொற்காசு மதிப்புள்ள வைரத்தைக் கேட்டது. 3.5இல் மந்திரம் எழுதிய சுருளுக்கு விலை போடும்போது 5,000 புள்ளியை 25,000 காசாகத்தான் எண்ணுவார்கள்; அதே எண் வைரமாகிவிட்டது. ஆனால் 17ஆம் லெவல் பாத்திரத்திடம் சராசரியாக 410,000 காசு இருக்கலாம் என்பது அதே புத்தகத்தின் அட்டவணை. குழுவே சேர்ந்து காசு போட்டுவிடும். புதையலை வைப்பதே டி.எம். என்பதால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008 பதிப்போ, பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் விஷ்ஷே வைக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது, ஆசையும் தீர்ந்தது.

2014இன் ஐந்தாம் பதிப்பு விஷ்ஷை இரண்டாகப் பிரித்தது. மந்திரங்களின் ஒன்பது நிலைகளில் எட்டாம் நிலை வரை எந்த மந்திரத்தையும் அப்படியே போடலாம், பொருளும் வேண்டாம், ஆபத்தும் இல்லை. அதைத் தாண்டிப் போனால் உடல்வலு 3க்கு விழும், அன்று போடும் ஒவ்வொரு மந்திரமும் உடம்பைத் தின்னும், 33% வாய்ப்பில் விஷ் நிரந்தரமாகப் போய்விடும். ரெசரெக்‌ஷன் என்ற செத்தவரை எழுப்பும் மந்திரம் ஏழாம் நிலைதான், ஆனால் அதற்குத் தொட ஒரு உடல் வேண்டும். டிஸின்டெக்ரேட் ஆனவரை ட்ரூ ரெசரெக்‌ஷன் அல்லது விஷ் மட்டுமே எழுப்பும் என்று டிஸின்டெக்ரேட் மந்திரத்தின் விதியே சொல்கிறது. ட்ரூ ரெசரெக்‌ஷன் ஒன்பதாம் நிலை, எனவே இது எல்லையைத் தாண்டியதுதான் என்பேன். மந்திரவாதி பகடையை உருட்டட்டும். மூன்றில் ஒரு பங்கு இழப்பு என்பதை ஆட்டக்காரர் முன்பே அறிந்து ஏற்பது, திருகல் இல்லாமலே பயம் தருகிறது. பெரும்பாலான மேசைகளுக்கு இதையே சொல்வேன்.

இங்கும் வேறொருவர் தலையில் கட்டும் வழி வந்தது, சிமுலாக்ரம் என்ற மந்திரம். தன் நகலை உண்டாக்கி, அந்த நகலை விஷ் போட வைத்தால் சோர்வும் இழப்பும் நகலுக்கு. நகல் இன்னொரு நகலைச் செய்யும் சங்கிலியை 2024 திருத்தம் வெட்டியது. ஒரே ஒரு நகல் விஷ் போடுவது இன்னும் முடியும். என் மேசையில் நகலின் விஷ் இழப்பு அசல் மந்திரவாதிக்கும் சேரும் என்று ஆட்டத்தின் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

விலை எல்லாருக்கும் ஒரே மாதிரி கனப்பதும் இல்லை. உடல்வலு 8 உள்ள மந்திரவாதிக்கு அது 3 ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூன்று விஷ் மோதிரத்தைப் போட்டிருக்கும் போர்வீரனுக்கோ 20இலிருந்து 3. அவனுக்கு 33% பயம் அவ்வளவாக இல்லை, மூன்று முறை முடிந்தால் மோதிரமே வெறும் உலோகம்தானே. மோதிரத்துக்கு இந்தச் சோர்வு விதியே தேவையில்லை என்பது என் கட்சி. எண்ணிக்கையே அங்கே விலை. ஐந்தாம், ஆறாம் லெவல் குழுவுக்கு விஷ்ஷைக் காட்ட ஆசைப்படும் டி.எம். ஒரே ஒரு விஷ் மிச்சமுள்ள மோதிரத்தைக் கொடுக்கலாம். வார்த்தைகளைத் திருக மாட்டேன் என்று கூடவே சொல்லிவிட்டால், ஆட்டக்காரர்கள் அதை எதற்குப் பயன்படுத்துவது என்று பல வாரம் சண்டை போட்டுக்கொள்வார்கள். டி.எம். பேசாமல் டீ குடிக்கலாம்.