நெம்புகோலா, பம்பா, பொத்தானா: எஸ்பிரஸோ பழக எந்த இயந்திரம்?

நம் வீட்டு டிகாக்‌ஷன் ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். அரைப்பு சற்றே முன்பின்னாக இருந்தாலும் காலையில் குடிக்கத்தக்க ஏதோ ஒன்று கீழே இறங்கியிருக்கும். எஸ்பிரஸோவில் அந்தச் சலுகை கிடையாது. மிக நுண்மையாக அரைத்த 18 கிராம் தூளின் ஊடே, 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் செலுத்தி, 25 முதல் 30 வினாடிகளுக்குள் 36 கிராம் வடித்தெடுப்பது இன்று பெரும்பாலோர் பழகத் தொடங்கும் அளவு. இவற்றில் ஒன்று பிசகினாலும் கோப்பையில் புளிப்போ கசப்போ தூக்கலாகத் தெரியும். ஆகவே, பழக விரும்புபவர் இயந்திரம் வாங்கும்போது அது எவ்வளவு நன்றாகக் காபி போடுகிறது என்பதைவிட, நம் பிழையைக் காட்டிக்கொடுக்கிறதா, மூடி மறைக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பொத்தானை அழுத்தினால் கொட்டையை அரைத்து, அழுத்தி, வடித்து, சக்கையையும் தானே தள்ளிவிடும் முழுத் தானியங்கி இயந்திரம் இந்த அளவுகோலில் பின்தங்குகிறது. அதற்காக அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து காபி கேட்கும் வீட்டில் ஒவ்வொரு கோப்பையும் முந்தையதைப் போலவே வருவது பெரிய வசதிதான். ஆனால் அரைப்பைச் சில படிகளில் மாற்றுவது, தூளின் அளவையும் நீரின் அளவையும் கூட்டிக் குறைப்பது ஆகியவற்றோடு நம் பங்கு முடிந்துவிடுகிறது. உள்ளே தூள் எப்படிப் பரவியது, நீர் எந்தப் பக்கமாக ஓடியது என்பதெல்லாம் நம் கண்ணுக்கு எட்டாது. பால் செல்லும் குழாயை அன்றாடம் கழுவாவிட்டால் நம் ஊர் வெயிலில் நாற்றம் பிடித்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மின்பம்பால் நீரை அழுத்திச் செலுத்தும் இயந்திரங்களில் விலை குறைந்த பலவற்றுடன் வரும், தூளைப் போடும் இரட்டைச் சுவர்க் கூடை இன்னும் நுட்பமாக ஏமாற்றக்கூடியது. அதன் அடியில் இருக்கும் ஒற்றை நுண்துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடுவதால், கொரகொரப்பான பழைய தூளைப் போட்டாலும் மேலே பொன்னிற நுரை கட்டும். நான் முதலில் வாங்கிய இயந்திரத்தில் அந்த நுரையைப் பார்த்து ஆறு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒற்றைச் சுவர்க் கூடையை மாட்டி அதே தூளைப் போட்டபோது எட்டே வினாடியில் பழுப்பு நீராகக் கொட்டித் தீர்த்தது. அதுவரை நான் கற்றதாக நினைத்ததெல்லாம் அந்தக் கூடையின் கைவரிசை என்பது அன்றுதான் புரிந்தது.

நெம்புகோல் இயந்திரம் இதற்கு நேர் எதிர். 1938-இல் காப்புரிமை பெற்ற இத்தாலியரான அக்கீலே காஜியா, போருக்குப் பின் நெம்புகோல் இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் க்ரீமா என்று நாம் இன்று அழைக்கும் மேற்படலமே பரவலாகத் தெரியவந்தது. இன்று வீட்டுக்குக் கிடைக்கும் ஃப்ளேர் போன்ற கைக்கருவிகளில் மின்சாரமும் இல்லை, பாய்லரும் இல்லை; கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி, கையால் நெம்புகோலை இறக்க வேண்டும். அரைப்பு கொரகொரவென்று இருந்தால் எதிர்ப்பே இல்லாமல் கை கீழே போய்விடும். மிக நுண்மையாக இருந்தால் உடல் எடையைச் சாய்த்தாலும் அசையாது. சரியான அரைப்பில் மட்டுமே, கெட்டியான மாவைப் பிசைவது போன்ற ஒரு சீரான எதிர்ப்பு உள்ளங்கைக்குத் தெரியும். முதலில் மெதுவாக அழுத்தித் தூளை நனைத்து, பின்பு 9 பார் வரை ஏற்றி, முடியும் தறுவாயில் தளர்த்துவது என்று அழுத்தத்தை விரும்பியபடி மாற்றவும் முடியும். எஸ்பிரஸோ என்றால் என்ன என்பதை இவ்வளவு விரைவாக உணர்த்தும் கருவி வேறில்லை.

இத்தகைய கைக்கருவியின் பெருங்குறை, பாலைச் சூடாக்கும் நீராவிக் குழாய் இல்லாததுதான். கருங்காபியாகவே குடிப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. பால் சேர்க்காத காபியைக் காபியாகவே ஒப்புக்கொள்ளாத வீட்டில் இது கண்காட்சிப் பொருளாகிவிடும். லா பவோனி யூரோபிக்கோலாவைப் போலப் பாய்லரும் நீராவியும் உள்ள நெம்புகோல் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்தடுத்து மூன்று நான்கு முறை வடித்தால் அவற்றில் கூடையை மாட்டும் தலைப்பகுதி அளவுக்கு மீறிச் சூடேறும், எனவே தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற ஒற்றைப் பாய்லர் பம்ப் இயந்திரங்கள் தானியங்கிக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் நிற்பவை. 58 மில்லிமீட்டர் கூடை, தனி நீராவிக் குழாய், பழுதுபார்க்க எளிதான உள்ளமைப்பு ஆகியவை இவற்றின் பலம். பம்ப் இயந்திரப் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் ‘15 பார்’ என்பது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தமே. காபிக்குத் தேவை 9 தான் என்பதால் அந்த எண்ணைப் பார்த்து விலையை ஒப்பிடுவது வீண். ஒரே பாய்லர் முதலில் காபிக்கு 93 டிகிரியை ஒட்டியும், பிறகு நீராவிக்கு அதைவிட மிக உயர்ந்த சூட்டுக்கும் போக வேண்டியிருப்பதால் இடையில் காத்திருக்க நேரும். அடுத்த கோப்பைக்கு முன் நீரைச் சிறிது ஓடவிட்டுப் பாய்லரைக் குளிரவைக்கவும் வேண்டும். இருவருக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது, ஐவருக்கு ரேஷன் கடை வரிசை. இரட்டைப் பாய்லர் இயந்திரங்கள் இந்தக் காத்திருப்பைத் தீர்க்கும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

பாலைப் பொறுத்தவரை, டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே ஆற்றும்போது எழும் பெருங்குமிழ் நுரைக்கும் கப்புச்சீனோவுக்குத் தேவையான பட்டுப் போன்ற நுண்ணுரைக்கும் உறவில்லை. குளிர்ந்த பாலில் நீராவி முனையை மேற்பரப்புக்குச் சற்றே கீழே வைத்து முதல் சில வினாடிகள் காற்றை உள்ளிழுக்கவிட்டு, பின்பு முனையை அமிழ்த்திப் பாலைச் சுழலவைத்து, 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் இனிப்பு மங்கிக் காய்ச்சிய வாடை வந்துவிடும். ஏற்கெனவே அடுப்பில் காய்ச்சி ஆடை கட்டிய பால் இதற்கு ஒத்துவராது என்பதால், பாஸ்டரைஸ் செய்த பாக்கெட் பாலைக் குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுக்க வேண்டும். காய்ச்சாத பாலா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆவினின் 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட்டிலும் நுரை நன்றாகவே எழும். வாயில் தங்கும் திண்மைக்கு 4.5 சதவீதப் பச்சைப் பாக்கெட்டே என் தேர்வு.

எந்த இயந்திரத்தை எடுத்தாலும், தானியங்கியைத் தவிர மற்றவற்றுக்கு, கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அரைக்கும் கருவிக்கு ஒதுக்குவது நல்லது. மிக்ஸியில் அடித்தால் மாவும் ரவையும் கலந்தாற்போல் தூள் வரும். நீர் இளகிய இடத்தைத் தேடிப் பிளந்துகொண்டு ஓட, ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து இறங்கும். எஃகுப் பற்களுள்ள நல்ல கை அரைவை ஒன்று இதற்குப் போதும். கடையில் வாங்கும் ஃபில்டர் காபித்தூளும் உதவாது: அதன் அரைப்பு எஸ்பிரஸோவுக்கு ஏற்றதாக இருப்பதில்லை, சிக்கரி 49 சதவீதம் வரை கலந்திருக்கவும் சட்டம் இடம் தருகிறது. வறுத்த தேதி அச்சிட்ட சிக்மகளூர் அல்லது ஏற்காட்டுக் கொட்டையை வாங்கி, வறுத்த ஒரு வாரத்துக்குப் பின் தொடங்கி ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். பழகும் நாட்களில் 18 கிராம் உள்ளே, 36 கிராம் வெளியே என்பதை மாற்றாமல் வைத்து, அரைப்பை மட்டும் மாற்ற வேண்டும்: புளித்தால் நுண்மையாக, கசந்தால் சற்றுப் பருமனாக. இதற்கு 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம் தேவை.

தனியாக வாழ்ந்து கருங்காபி குடிப்பவருக்குக் கை நெம்புகோலும் நல்ல அரைவையும், பாலோடு குடிக்கும் இருவருக்கு ஒற்றைச் சுவர்க் கூடையுடன் கூடிய பம்ப் இயந்திரமும் என்றே நான் தேர்ந்தெடுப்பேன். பழகும் ஆவல் இல்லாமல் காபி மட்டும் வேண்டுபவர் தானியங்கிக்குப் போவதில் பிழையில்லை. எங்கள் வீட்டில் பம்ப் இயந்திரம் காலையில் இரண்டு கோப்பைக்கு மட்டும் ஓடுகிறது. உறவினர் ஆறேழு பேர் வந்து தங்கும் நாட்களில் பித்தளை ஃபில்டரைத்தான் பரணிலிருந்து இறக்குகிறோம்.