டிக் டிக் சத்தம்: டேப்பெட்டா, மேனிஃபோல்டு லீக்கா?

பழைய பிக்கப்புல டிக் டிக்னு சத்தம் வருதுன்னு வாயைத் திறந்தாலே பாதி பேரு டேப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருந்து வால்வைத் திறக்க வைக்கற பாகம்) போச்சுன்னு சொல்லிடுறாங்க, மீதி பேரு கெட்டி ஆயில் ஊத்துங்க சரியாயிடும்ங்கறாங்க. நான் பாத்த வரைக்கும் டேப்பெட் மேல விழுற பழியில பாதி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்கள்ல இருந்து வர்ற புகையைச் சேத்து வெளிய கொண்டு போற இரும்புக் குழாய், அது மேல விழ வேண்டியது. ரெண்டும் காதுக்கு அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணுக்கு ஒரு போல்ட்டும் பேக்கிங்கும் போதும், இன்னொண்ணுக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம், அதனால ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடியே எதுன்னு பிரிச்சுப் பாத்துக்கணும்.

ஏன் ஒரே மாதிரி கேக்குதுன்னா, பிஸ்டன்கள் சுத்தற தண்டான கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா, வால்வுகளைத் திறக்கற தண்டான கேம் ஒரு சுத்து தான் சுத்தும், அதனால ஒரு வால்வு ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் திறக்கும். ஒரு சிலிண்டர் புகையை வெளிய தள்றதும் அதே ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான். ஐடிலிங் 700 ஆர்பிஎம்னா ரெண்டுமே நிமிஷத்துக்கு 350 டிக். தாளத்தை மட்டும் வச்சு எவ்வளவு பெரிய அனுபவசாலியாலயும் பிரிச்சு சொல்ல முடியாது.

என் வண்டி ஒரு பழைய வி-8. காட்டின இடத்துல ஒரு நிமிஷம் காது குடுத்துட்டு டேப்பெட் போச்சு, ஹெட்டை இறக்கணும்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்கல. ஆயில் மாத்தி மூணு வாரம் ஓட்டினேன், சத்தம் அப்படியே இருந்துச்சு. ஒரு நாள் வண்டி நல்லா ஆறினப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தா, கடைசி சிலிண்டர் பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) ஒட்டினாப்புல, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற இடத்துல விளக்குக் கரியைக் கட்டைவிரலால தேய்ச்ச மாதிரி ஒரு கறுப்புத் தடம், அதுக்குப் பக்கத்துல போல்ட் இருக்க வேண்டிய இடத்துல தலையே இல்ல.

இப்ப ஒப்பிட்டுப் பாப்போம். முதல்ல, சத்தம் எப்ப நிக்குதுன்னு கவனிங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது ரெண்டுமே சத்தம் போடும், இங்க தான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது ஆயில் பிரஷர்ல இடைவெளியைத் தானா சரி பண்ணிக்கற டேப்பெட், ராத்திரி பூரா ஆயில் வடிஞ்சு காலியா இருக்கும், ஆயில் ஏறின சில விநாடிலயே அடங்கிடும், அது நோயே இல்ல. மேனிஃபோல்டு லீக் அப்படி அடங்காது, இரும்பு சூடாகி விரிஞ்சு அந்த இடுக்கை அடைக்கணும், அதுக்கு நிமிஷக் கணக்குல ஆகும். அதே மாதிரி லோடு. மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சத்தம் படபடன்னு ஏறி, காலை எடுத்ததும் குறைஞ்சா அது காத்து, லீக் தான். டேப்பெட்டுக்கு லோடு பத்திக் கவலை இல்ல, ஆர்பிஎம் ஏறினா வேகமாத் தட்டும், அவ்வளவு தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஹோஸும் ஸ்குரூ டிரைவரும். நீளமான ஸ்குரூ டிரைவர் நுனியை வால்வு கவர் மேல வச்சு கைப்பிடியைக் காதுல அழுத்தினா உலோகம் தட்டுறது தெளிவாக் கேக்கும், ஆனா காத்துக் கசிவை அது சரியாக் காட்டாது. ஒரு முழம் ரப்பர் ஹோஸை ஒரு முனை காதுல, மறுமுனை மேனிஃபோல்டு ஓரமா நகர்த்திக்கிட்டே போனா லீக் இருக்கற இடத்துல பட்பட்னு காதுக்குள்ளயே அடிக்கும். ஸ்குரூ டிரைவர் உலோகத்துக்கு, ஹோஸ் காத்துக்கு. ரெண்டையும் வச்சுப் பாத்தா தான் முடிவு சொல்லணும். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ தொங்கற துணியோ போகாமப் பாத்துக்கங்க.

இன்னும் சந்தேகமா இருந்தா பெட்ரோல் வண்டியில இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு சிலிண்டரோட காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்கறது) கனெக்டரைக் கழட்டி, கொஞ்ச நேரம் மட்டும் ஓட விட்டுப் பாருங்க. அந்த சிலிண்டர்ல நெருப்பு இல்லாததால லீக் சத்தம் செத்துப் போகும், டேப்பெட் சத்தம் மாறாது. நிறைய பேரு இதுக்கு இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டுறாங்க, அது தப்பு, ஏன்னா இன்ஜெக்டரே டிக் டிக்னு தட்டுற சாமான், அதைக் கழட்டினா லீக்கும் நிக்கும் இன்ஜெக்டரும் நிக்கும், எது நின்னுச்சுன்னு தெரியாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அதனால அரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

ஃபோர்டு 5.4 ட்ரைட்டான்லயும் ராம் 5.7 ஹெமிலயும் மேனிஃபோல்டு போல்ட் உடையறது ஊரறிஞ்ச விஷயம். ஹெமில லிஃப்டர் ரோலர் தேஞ்சு கேமையே தின்னுடறதும் உண்டு, ரெண்டுக்கும் ஹெமி டிக்னு ஒரே பேரு வச்சுட்டாங்க, அதுல எத்தனை பேரு குழம்பியிருப்பாங்களோ.

டேப்பெட் தான்னு உறுதியாச்சுன்னா முதல்ல டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க, ஆயில் கம்மியா இருந்தாலே லிஃப்டர் கத்தும். அளவு சரின்னா கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் பாக்கணும். கெட்டி ஆயில் ஊத்தறது சத்தத்தை மூடி மறைக்குமே தவிர தேஞ்சதைத் திருப்பித் தராது. ஹைட்ராலிக் இல்லாத பழைய இன்ஜின்னா விஷயம் சுலபம், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) வச்சு வால்வு இடைவெளியை செட் பண்ணிடலாம். டொயோட்டாவோட 22ஆர் இன்ஜின்ல சூடா இருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். சத்தமே வரக்கூடாதுன்னு இறுக்கி வைக்காதீங்க, எக்ஸாஸ்ட் வால்வு முழுசா உக்காராம கருகிடும், லேசா டிக் அடிக்கற வால்வு எவ்வளவோ மேல். அதே 22ஆர்ல முன்பக்கமிருந்து சரசரன்னு உரசுற சத்தம் வந்தா டைமிங் செயின் கைடு உடைஞ்சிருக்கும், தள்ளிப் போட்டா செயின் கவரை அறுத்து கூலன்ட்டை ஆயில்ல கலந்துடும்.

டீசல்ல காயில் கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்ப்னா இன்ஜெக்டர் பைப் நட்டை லேசா தளர்த்தி அந்த சிலிண்டரை நிறுத்திப் பாக்கறது வழக்கம். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல அதிக பிரஷர்ல டீசல் குடுக்கற புது முறை)னா அந்த நட்டுக்குப் பக்கத்துலயே போகாதீங்க, உள்ள 1000 பாருக்கு மேல பிரஷர், தோலைக் கிழிச்சு உள்ள போயிடும்.

இது எதுலயும் சேராத ஒண்ணு இருக்கு. சத்தம் கீழ ஆயில் பான் பக்கமிருந்து, டிக் இல்லாம டொக் டொக்னு கனமா, சூடானப்புறமும் லோடுலயும் கூடுதுன்னா பிக் எண்ட் பேரிங்கா (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கற இடத்து பேரிங்) இருக்கலாம். அதோட வண்டியை ஓட்டாதீங்க, இழுத்துட்டு தான் போகணும்.

என் வண்டியில உடைஞ்ச போல்ட் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது நல்லதாப் போச்சு. ரெண்டு நாள் துருவை இளக்கற ஆயில் ஊற வச்சு, அது மேல ஒரு நட்டை வெல்டு வச்சு, அந்த சூட்டோட மெதுவா முன்னயும் பின்னயும் ஆட்டினதுல கழண்டு வந்துச்சு. புது பேக்கிங், எல்லாமே புது போல்ட். மறுநாள் காலைல ஜில்லுனு இருக்கற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டு ஹோஸை எடுத்துக்கிட்டு அதே கடைசி சிலிண்டர் கிட்ட போனேன், ஃபேன் காத்து மட்டும் தான் கேட்டுச்சு, கூடவே தூரத்துல தையல் மெஷின் ஓடற மாதிரி இன்ஜெக்டர் சத்தம்.