நோன்பு வைக்கும் மாணவருக்குக் காலைத் தேர்வா, தள்ளிவைத்த தேர்வா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2026 ரமலான் முதல் பருவத்தின் நடுவே, பிப்ரவரி-மார்ச் புழுக்கத்தில் வந்தது. விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்குப் பின் ஏறத்தாழ 14 மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. வகுப்புத் தேர்வுகளும் அந்த வாரங்களில்தான். நோன்புப் பெருநாளுக்குப் பின் தள்ளிவைப்பதா, காலை முதல் பாடவேளைக்குக் கொண்டுவருவதா?

தள்ளிவைப்பது பரிவாகத் தோன்றும். ஆனால் பெருநாள் முடிந்ததும் பருவமும் முடியப்போகிறது. விட்டுப்போன தேர்வுகள் எல்லாம் கடைசி வாரத்தில் ஒன்றாகக் குவிந்துவிடும். ஒரு மாத நோன்பில் களைத்த பிள்ளைக்கு இது உதவியே அல்ல. நோன்பு வைத்தவர்களுக்கு மட்டும் தனி வினாத்தாளும் தயாரிக்க வேண்டும்.

காலைத் தேர்வில் சஹர் உணவின் தெம்பு இன்னும் உடலில் இருக்கும். வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதும். யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. இரவில் ரமலானின் சிறப்புத் தொழுகையான தராவீஹ் தொழுதுவிட்டுக் குறைவாக உறங்கியிருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பிற்பகல் இரண்டு மணி வெயிலில், வறண்ட நாவோடு கணக்குப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். என் விருப்பம் காலைத் தேர்வுதான்.

பெருநாளன்று மட்டும் தேர்வே கூடாது. தென்னாப்பிரிக்காவில் அது பொது விடுமுறை அல்ல. பிறை தெரிந்தால்தான் நாளும் உறுதியாகும். ஆகவே இரண்டு நாட்களைக் காலியாக விடுங்கள். தீபாவளிக்கும் இங்கே பொது விடுமுறை இல்லை. அன்று தேர்வு வைத்தால் தமிழ்க் குடும்பங்களுக்கு எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும்.