ஸ்டெல்லேரியம்: நிலவும் நட்சத்திரமும் எங்கள் மாடியில்

மகளுக்குப் போன வாரம்தான் ஒன்பது வயது முடிந்தது. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று நினைத்திருந்தாள். வாயால் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அப்புறம்தான் லேப்டாப்பில், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளை இறக்கினேன். கணினிப் பதிப்பு முழுக்க இலவசம்.

எங்கள் ஊரைக் கொடுத்து, அமாவாசை நாள் மாலை 6 மணி வைத்தேன். 'ஏ' விசையைத் தட்டினால் வானத்தின் வெளிச்சம் போய்விடும். சூரியனை ஒட்டியே நிலா! சமக்குறியை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு நாள் நகர்கிறது. நிலா சூரியனை விட்டு 12, 13 பாகை விலகுகிறது. மூன்றாம் பிறையின் ஒளிர்ந்த பக்கம் சூரியனைப் பார்த்தே இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மேற்கே, நிலா நேர் எதிரே கிழக்கே. "அப்போ நிழலே இல்லையாம்மா?" என்றாள். நிழல் கிரகணத்தன்று மட்டும்தான்.

நட்சத்திரத்தைச் சொடுக்கினால் தூரமும், அதை அளக்க உதவிய இடமாறு கோணமும் (நாம் இடம் மாறும்போது நட்சத்திரம் நகர்ந்ததுபோல் தெரியும் கோணம்) வருகின்றன. சிரியஸுக்கு 8.6 ஒளியாண்டு, 379 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு). எண்ணைக் காட்டுகிறதே தவிர, அது எப்படிக் கிடைத்தது என்று சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறை. அதற்கு மாடிதான் உதவியது. இந்தக் கோடியில் நின்றால் பக்கத்து வீட்டுத் தென்னை செல்போன் டவருக்கு இடப்பக்கம். அந்தக் கோடிக்குப் போனால் வலப்பக்கம். நடந்த தூரமும் கோணமும் தெரிந்தால் தென்னை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது, 30 கோடி கிலோமீட்டர். அப்படியும் சிரியஸ் நகர்வது நிலவின் அகலத்தில் ஏறக்குறைய 2,400-ல் ஒரு பங்குதான். 1838-லேயே பெசல் என்ற ஜெர்மானியர் அதைவிடச் சிறிய நகர்வை 61 சிக்னி நட்சத்திரத்தில் அளந்துவிட்டார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

மாடிக்கு எடுத்துப் போனால் கன்ட்ரோலோடு 'என்' தட்டுங்கள். திரை சிவப்பாகிவிடும், கண் கூசாது.

அன்று சிரியஸைக் காட்டி, "இந்த வெளிச்சம் அங்கே கிளம்பினப்போ நீ குப்புற விழப் பழகிட்டிருந்தே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு மற்ற நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்க ஆரம்பித்தாள். ரோகிணி, அதாவது அல்டெபரான், சுமார் 66 ஒளியாண்டு. அவள் பாட்டிக்கும் 66 வயது. "பாட்டி, மேல வாங்க!" என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.